பூடிலுக்குச் சரி, ஹஸ்கிக்கு ஏன் கூடாது? நாய்களின் ‘ஹேர்கட்’ பின்னால் இருக்கும் அறிவியல்

லயன் கட், டெடி பியர் கட், சம்மர் கட், கலர் டை... எந்த நாய்க்கு எது பொருந்தும்? எது ஆபத்து?

நியூயார்க்கில் நடக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில் 2024-ல் முதல் பரிசு வாங்கியது சேஜ் என்ற மினியேச்சர் பூடில். 2025-ல் வாங்கியது மான்ட்டி என்ற ஜெயன்ட் ஷ்னாவ்ஸர். ஒன்று, இடுப்புக்குக் கீழே மழித்து, கால்களிலும் வாலிலும் பந்து பந்தாக முடி விட்ட நாய். இன்னொன்று, அடர்ந்த புருவமும் நீண்ட தாடியுமாகக் கறாரான வாத்தியார் மாதிரி முகம் கொண்ட நாய். இரண்டுக்கும் அந்தத் தோற்றம் தானாக வந்ததல்ல. மணிக்கணக்கில் கத்தரியும் சீப்பும் பிடித்த கைகளின் வேலை அது.

அந்த மாதிரி வேலை இப்போது நம்ம ஊர் பெட் சலூன்களிலும் நடக்கிறது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் காட்டி, “இதே மாதிரி நம்ம டாமிக்கும் பண்ணிடுங்க” என்று கேட்பவர்கள் உண்டு. ஏப்ரல் மாதம் வந்துவிட்டால், “வெயில் தாங்காது அண்ணா, ஃபுல்லா மொட்டை போட்டுடுங்க” என்பவர்களும் உண்டு. முதல் கோரிக்கை பெரும்பாலும் ரசனை சம்பந்தப்பட்டது. இரண்டாவது, சில நாய்களுக்கு உடல்நலப் பிரச்னையாகவே முடியலாம். எந்த நாய்க்கு எது என்பதைத் தீர்மானிப்பது ஃபேஷன் அல்ல, அதன் முடி.

முதலில் முடி எந்த வகை?

க்ரூமிங் கண்ணோட்டத்தில் நாய்களின் முடியைத் தோராயமாக 4 வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நம் தலைமுடி போல வெட்டாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும் முடி. பூடில், ஷிட்சு, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர், பிஷான் ஃப்ரீஸே எல்லாம் இதில் வரும். கத்தரிக்கு முழுச் சுதந்திரம் இருப்பது இங்கேதான். நாம் பார்க்கும் அலங்கார கட்களில் பெரும்பாலானவை இந்த நாய்களுக்காக உருவானவை.

இரண்டாவது, தொட்டால் தேங்காய் நார் போல இருக்கும் முரட்டு முடி. ஷ்னாவ்ஸர், வயர் ஃபாக்ஸ் டெரியர் போன்றவை இந்த வகை.

மூன்றாவது, இரட்டை அடுக்கு முடி. வெளியே நீளமான, சற்றுத் தடித்த முடி. உள்ளே பஞ்சு போல அடர்ந்த மென்முடி. சைபீரியன் ஹஸ்கி, பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடார் ஆகியவை இந்தக் கூட்டம்.

நான்காவது, உடலோடு ஒட்டிய குட்டை முடி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் நாட்டு இனங்களும் பாக்ஸர், டாபர்மேன் போன்றவையும் இதில் அடங்கும்.

ஒரு வகைக்கு அழகாக வரும் கட், இன்னொரு வகைக்குக் கேடாகலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூடிலின் ‘ஷோ’ கட், உண்மையில் வேலை உடுப்பு

நாய் அலங்காரம் என்றதும் கிண்டலுக்கு ஆளாகும் முதல் நாய் பூடில்தான். “பணக்கார வீட்டு பொம்மை” என்று ஒரு பிம்பம். ஆனால், பூடில் வேட்டைக்காரர்களின் நாய். சுடப்பட்ட வாத்து நீரில் விழுந்தால், குதித்து நீந்திக் கவ்விக்கொண்டு வருவதுதான் அதன் தொழில். அதன் பெயரே தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடு தொடர்புடையது.

பூடிலின் சுருட்டை முடி தண்ணீரில் நனைந்தால் கனத்துவிடும். நீந்துவதற்குச் சிரமம். மொத்தமாக மழித்துவிட்டால் குளிர்ந்த நீரில் உடல் விறைக்கும். இதற்கு அந்தக் காலத்தில் கண்டுபிடித்த வழிதான் இன்றைய ‘ஷோ’ கட்டின் மூலம் என்று சொல்லப்படுகிறது: பின்பகுதியை மழித்து எடையைக் குறைப்பது, நெஞ்சையும் மூட்டுகளையும் மூடியிருக்கும் முடியை மட்டும் கதகதப்புக்காக விட்டுவைப்பது. நெஞ்சு முடி, கணுக்கால் வளையம், வால் நுனிப் பந்து எல்லாம் அப்படி வந்தவை.

பிற்காலத்தில் பிரான்ஸ் இதை அலங்காரமாக மாற்றியது. பாரிஸில் சென் நதிக் கரையிலும் பாலங்களிலும் உட்கார்ந்து நாய்களுக்கு முடிவெட்டிப் பிழைத்த தொழிலாளர்கள் இருந்தார்கள். வேட்டைக்கு வெட்டிய வடிவம், மெல்ல மெல்ல வீதியில் காட்டும் வடிவமானது.

இன்று அமெரிக்கன் கென்னல் கிளப் விதிப்படி, ஒரு வயது நிரம்பிய பூடில் வழக்கமான போட்டிப் பிரிவுகளில் இறங்க வேண்டுமென்றால் 2 கட்களில் ஒன்று இருந்தாக வேண்டும். ‘கான்டினென்டல்’ கட்டில் பின்பகுதி மழிக்கப்பட்டிருக்கும். வேண்டுமானால் இடுப்பின் இருபுறமும் வட்டமாக முடி விடலாம். ‘இங்கிலிஷ் சாடில்’ கட்டில் பின்பகுதியில் குட்டையாக ஒரு போர்வை போல முடி இருக்கும். பின்னங்கால்களில் இடையிடையே மழித்த பட்டைகள் தெரியும். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளுக்கு ‘பப்பி’ கட் போதும்.

வீட்டில் வளர்க்கும் பூடிலுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. உடல் முழுக்க ஒரே அளவில் குட்டையாக வெட்டி, தலையில் மட்டும் கொஞ்சம் உருண்டையாக விட்டால் பராமரிப்பும் எளிது, பார்க்கவும் அழகு.

சிங்கமாக மாறிய குட்டி நாய்கள்

முன்பக்கம் பிடரி, பின்பக்கம் மழிப்பு, வால் நுனியில் குஞ்சம். இதுதான் ‘லயன் கட்’. இதை வைத்தே பெயர் வாங்கிய நாய் லோவ்கென். ஜெர்மன் மொழியில் ‘குட்டிச் சிங்கம்’ என்று அர்த்தம்.

போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் என்ற இனத்துக்கும் லயன் கட் மரபு உண்டு. மீனவர்களோடு படகில் போய், வலைக்கும் படகுக்கும் நடுவே நீந்தி வேலை செய்த நாய் இது. பூடிலைப் போலவே இங்கும் நீச்சலுக்காகப் பின்பகுதி மழிக்கப்பட்டது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஒபாமா வீட்டில் வளர்ந்த போ, சன்னி இரண்டும் இந்த இனம்தான். அவற்றுக்கு லயன் கட் இல்லாமல் ஒரே சீராக வெட்டும் ‘ரெட்ரீவர்’ கட் என்பதால், பலருக்கு இந்தத் தொடர்பு தெரிவதில்லை.

டெடி பியர் கட் எங்கிருந்து வந்தது?

இன்று உலகம் முழுக்க ரீல்ஸில் ஓடும் ஸ்டைல் இது. முகத்தை வட்டமாக்கி, மூக்கைச் சுற்றி முடியைக் குட்டையாக வெட்டி, காதையும் கன்னத்தையும் ஒரே உருண்டையில் சேர்த்துவிடுவார்கள். பார்த்தால் கரடி பொம்மை. ஜப்பானில் டாய் பூடில்களுக்கு இந்த கட் பெரிய அலையானது. ஜப்பான், கொரியா, தைவான் சலூன்களில் வளர்ந்த இந்தப் பாணியை மேற்கத்திய க்ரூமர்கள் ‘ஏஷியன் ஃப்யூஷன்’ என்று அழைத்து இப்போது கற்றுக்கொள்கிறார்கள்.

மேற்கத்திய பாணி அந்த இனத்தின் ‘சரியான’ உருவம் எது என்று கேட்கும். ஆசிய பாணி, இந்த ஒரு நாயின் முகத்துக்கு எது க்யூட் என்று கேட்கும். அதனால்தான் இங்கே விதிகள் குறைவு, கற்பனை அதிகம்.

ஷிட்சு, மால்டீஸ், பிஷான் ஃப்ரீஸே ஆகியவற்றுக்கும் டெடி பியர் கட் நன்றாகப் பொருந்தும். நம்ம ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் நடைமுறையில் ஒத்துவருவதும் இதுதான். கண்காட்சி ஷிட்சு போலத் தரை தொடும் முடியோடு, நெற்றியில் குடுமி கட்டி வளர்க்க ஆசைப்படலாம். ஆனால், அதற்குத் தினமும் சீவ வேண்டும். குடுமி வெறும் அழகுக்காக அல்ல. முடி கண்ணில் குத்தாமல் இருக்கத்தான். அதையும் இறுக்கிக் கட்டினால் முடி உதிரும், தோல் வலிக்கும்.

தாடியைக் காப்பாற்றும் ‘பிடுங்கும்’ கலை

ஷ்னாவ்ஸர் என்ற பெயர் நாயின் மூஞ்சியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லில் இருந்து வந்தது. தாடி, மீசை, புருவம் மூன்றும்தான் அதன் முகவரி. இதன் முரட்டு முடிக்கு மரபுவழியான முறை வெட்டுவது அல்ல. முதிர்ந்த முடியை விரலாலோ சிறு கத்தி போன்ற கருவியாலோ கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குவார்கள். ‘ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங்’ என்று பெயர். கேட்கப் பயமாக இருந்தாலும், உதிரத் தயாரான முடி என்பதால் சரியாகச் செய்தால் நாய்க்கு வலிப்பதில்லை.

கிளிப்பர் மெஷின் போட்டால் என்ன ஆகும்? முடி காலப்போக்கில் மென்மையாகும், நிறமும் மங்கும். கண்காட்சிக்குப் போகாத நாய்க்கு இது பெரிய நஷ்டம் இல்லை. ஸ்ட்ரிப்பிங் தெரிந்தவர் அருகில் இல்லையென்றால் கிளிப்பரே போதும். ஆனால், சாப்பிடும்போது தாடியில் ஒட்டும் உணவைத் தினமும் துடைக்க வேண்டும்.

இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்ட் சுரங்கப் பகுதியில் எலி பிடித்துத் திரிந்த பெட்லிங்டன் டெரியரின் கதை இன்னும் வேடிக்கை. காது நுனியில் குஞ்சமும் நெற்றியில் மேடாக முடியும் விட்டு, அதைச் செம்மறி ஆட்டுக்குட்டி மாதிரியே வெட்டுவார்கள். பார்க்க ஆடு, குணத்தில் டெரியர்.

வெட்டாமல் சடையாக விடும் ஸ்டைலும் உண்டு. ஹங்கேரியின் கொமொண்டோர், பூலி நாய்களின் முடி கயிறு கயிறாகத் திரண்டு தொங்கும். ஆட்டு மந்தைக்குக் காவல் இருந்த கொமொண்டோருக்கு அது ஓநாய்க் கடியில் இருந்து காக்கும் கவசம். இது பார்க்க ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ போலத் தெரியலாம். உண்மையில் ஒவ்வொரு சடையையும் கையால் பிரித்துவிட வேண்டும். குளித்தால் காயவும் வெகு நேரம் ஆகும்.

ஹஸ்கிக்கும் பொமரேனியனுக்கும் மொட்டை ஏன் கூடாது?

சென்னையில் மே மாதம். ஹஸ்கி மூச்சு வாங்குகிறது. பார்த்தால் பாவமாக இருக்கிறது. மழித்துவிட்டால் ஜில்லென்று இருக்குமே என்று தோன்றுவது இயல்பு. நமக்கு அது சரி. ஏனென்றால் நாம் உடல் முழுக்க வியர்க்கிறோம். காற்று பட்டால் வியர்வை ஆவியாகி உடல் குளிர்கிறது.

நாயின் கணக்கு வேறு. அது வியர்ப்பது பெரும்பாலும் பாதங்களில் மட்டும். உடல் சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் முக்கிய வழி, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பது. எனவே, முடியை எடுப்பதால் நாம் நினைக்கும் அளவுக்கு அதற்குக் குளிர்ச்சி கிடைக்காது.

மாறாக, இழப்பு உண்டு. வெளி அடுக்கு முடி வெயிலை நேரடியாகத் தோலில் படவிடாமல் தடுக்கிறது. அதை மழித்தால் தோல் சூடாகும், வெயிலில் கன்றிப்போகும். இன்னொரு சிக்கல், திரும்ப வளர்வது. உள்முடி வேகமாக வளரும், வெளிமுடி மெதுவாக வரும். விளைவு, திட்டுத் திட்டாகப் பஞ்சு போன்ற முடி. சில நாய்களுக்கு, குறிப்பாகப் பொமரேனியன், ஹஸ்கி போன்றவற்றுக்கு, மழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடியே வளராமல் போகலாம். இதை ‘போஸ்ட் கிளிப்பிங் அலோபீசியா’ என்கிறார்கள். சிலவற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

இணையத்தில் புகழ்பெற்று 2019-ல் இறந்த பொமரேனியன் பூ-வைப் பார்த்து, எத்தனையோ பேர் தங்கள் பொமரேனியனுக்கும் அதே டெடி பியர் தோற்றம் கேட்டார்கள். கத்தரியால் நுனியை மட்டும் உருண்டையாகச் சீர் செய்வது பிரச்னை இல்லை. கிளிப்பரை வைத்துத் தோல் வரை இறங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

அப்படியென்றால் வெயிலுக்கு என்ன செய்வது? உதிர்ந்து உள்ளே சிக்கியிருக்கும் மென்முடியை ‘அண்டர்கோட் ரேக்’ எனும் சீப்பால் வாரி எடுங்கள். ப்ளோயர் வைத்து ஊதியும் வெளியேற்றலாம். உள்ளே காற்றோட்டம் வந்தாலே நாய்க்குப் பாதி நிம்மதி. பாத இடுக்கு, வயிற்றின் அடிப்பகுதி, ஆசனவாய்ப் பகுதி முடியைக் குறைக்கலாம். காலை வெயில் ஏறுவதற்குள் வாக்கிங்கை முடித்துவிட வேண்டும். மதியத்தில் ஃபேன் அல்லது ஏசி, எப்போதும் குடிக்கத் தண்ணீர். இதற்கு எந்த ஹேர்கட்டும் மாற்று இல்லை.

விதிவிலக்கும் உண்டு. ஆபரேஷன், தோல் நோய், அவிழ்க்கவே முடியாத அளவு சடை என்றால் மழிப்பதுதான் நல்லது. அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கலர் டை: அழகா, அத்துமீறலா?

அமெரிக்காவில் ‘கிரியேட்டிவ் க்ரூமிங்’ என்று தனிப் போட்டியே நடக்கிறது. பூடிலின் உடலில் பூந்தோட்டம், சினிமா பாத்திரங்கள், டைனோசர் என்று செதுக்கி வண்ணம் தீட்டுவார்கள். இதைப் பற்றி 2019-ல் ‘வெல் க்ரூம்டு’ என்ற ஆவணப்படமும் வந்தது. சீனாவில் ஜியாங்சு மாகாணத்தின் தைஜோ உயிரியல் பூங்கா 2024-ல் சௌ சௌ நாய்களுக்குக் கறுப்பு வெள்ளைச் சாயம் பூசி, பாண்டா போலக் காட்சிக்கு வைத்தது. உலக அளவில் விவாதம் கிளம்பியது.

நாயைத் துன்புறுத்தும் செயல் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நாய்களுக்கென்றே தயாரித்த பாதுகாப்பான சாயம், பொறுமையான பயிற்சி, நடுநடுவே ஓய்வு இருந்தால் தவறில்லை, நாய்க்கு அது கூடுதல் கொஞ்சல்தான் என்பது க்ரூமர்கள் தரப்பு. இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: மனிதர்களுக்கான ஹேர் டையை நாய்க்கு ஒருபோதும் போடக் கூடாது.

காரணம் எளிது. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, அதன் அமில காரத் தன்மையும் வேறு. நம் டையில் இருக்கும் அம்மோனியா, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்றவை தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பாதிக்கும். அதோடு நாய் தன்னைத் தானே நக்கும் பிராணி. பூசியது வயிற்றுக்குள் போகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மனிதர்களுக்கான டை பூசப்பட்ட ஒரு சின்ன மால்டீஸ் ரசாயனத் தீக்காயங்களோடு உயிருக்குப் போராடிய செய்தி 2018-ல் பலரையும் அதிரவைத்தது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகே அது தேறியது.

வாசனைக்காகத் தடவும் எண்ணெய்களிலும் கவனம் தேவை. டீ ட்ரீ ஆயில் மனிதர்களின் முகப்பருவுக்குப் பழக்கமான பொருள். நாய்க்கு அது நஞ்சாகலாம்.

நாட்டு நாய்க்கு என்ன ஸ்டைல்?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வளர்ப்பவர்களுக்கு நல்ல செய்தி: முடி வெட்டும் செலவே இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ரப்பர் பிரஷ் அல்லது கையுறை பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் போதும், மேனி பளபளக்கும். நகம் வெட்டுவது, காது பார்ப்பது, உண்ணி தேடுவது மட்டும் தவறக் கூடாது. வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையத்தை உச்சி வெயிலில் கட்டிப்போடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் பெரிய அழகுப் பராமரிப்பு.

உண்ணி விஷயம் எல்லா நாய்க்கும் பொருந்தும். அடர்ந்த முடிக்குள் உண்ணி ஒளிந்திருந்தால் கண்ணில் படாது. உண்ணிக் காய்ச்சல் நம்ம ஊரில் நாய்களின் உயிரை எடுக்கும் நோய்களில் ஒன்று. முடி நீளமாக வேண்டும் என்றால், தினமும் விரலால் தடவித் தேடும் நேரமும் நமக்கு இருக்க வேண்டும்.

சலூனில் கேட்க வேண்டியவை

புக்கிங் போடும் முன் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

* எங்கள் நாய்க்கு இருப்பது எந்த வகை முடி, இந்த கட் அதற்குச் சரியா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாமல், “எல்லா நாய்க்கும் பண்ணுவோம் சார்” என்றால் யோசியுங்கள்.

* எப்படிக் காய வைப்பீர்கள்? சூடான ட்ரையரை ஓடவிட்டு, நாயைக் கூண்டில் தனியாக விட்டுவிட்டுப் போவது ஆபத்து. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறலும் வெப்ப அதிர்ச்சியும் சீக்கிரம் வரும்.

* அடங்காத நாய்க்கு என்ன செய்வீர்கள்? மயக்க மருந்து என்று பதில் வந்தால் வெளியே வந்துவிடுங்கள். அதைக் கொடுக்க வேண்டியவர் கால்நடை மருத்துவர் மட்டுமே.

* வேலை நடக்கும்போது பார்க்க முடியுமா? கண்ணாடித் தடுப்போ கேமராவோ இருந்தால் நல்லது.

* தடுப்பூசி போட்ட நாய்களை மட்டும்தான் அனுமதிக்கிறீர்களா? கருவிகளைச் சுத்தம் செய்கிறீர்களா?

வீட்டில் செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. குளிப்பாட்டும் முன் சிக்கெடுங்கள். சிக்கோடு நனைத்தால் அது காயும்போது இன்னும் இறுகிவிடும். மேலோட்டமாக பிரஷ் போட்டுவிட்டு விடாமல், ஸ்டீல் சீப்பு தோல் அருகே இருந்து நுனி வரை தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், காலர் படும் இடம் மூன்றிலும்தான் சடை முதலில் பிடிக்கும். சடை தோலை இழுக்கும், உள்ளே ஈரம் தங்கிப் புண் வரும். அந்த நிலையில் சலூனுக்குப் போனால் டெடி பியர் கட் கேட்டாலும், அவர்களால் மொட்டைதான் போட முடியும்.

சின்ன வயதிலேயே பழக்கப்படுத்துவதும் முக்கியம். குட்டியாக இருக்கும்போதே பாதத்தைத் தொடுவது, ட்ரையர் சத்தத்தைத் தூரத்தில் இருந்து கேட்க வைப்பது, ஒவ்வொரு முறையும் ஒரு பிஸ்கட் கொடுப்பது என்று ஆரம்பித்தால், வளர்ந்த பிறகு மேஜையில் பயமில்லாமல் நிற்கும். கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, வாலைக் காலுக்குள் செருகிக்கொள்வது, உடல் நடுங்குவது எல்லாம் “எனக்குப் பிடிக்கல, போதும்” என்று நாய் சொல்லும் மொழி. அப்போது பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தாலும் பரவாயில்லை. மீதியை இன்னொரு நாள் வெட்டிக்கொள்ளலாம்.